வலிப்பும் எமது பிள்ளைகளும்: மறைத்து வைத்த நோயின் வரலாறு



எமது ஊர்களில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். கையில் இரும்பைத் திணிக்கிறோம், வாயில் கரண்டியை வைக்கிறோம். பிறகு, விசயம் வெளியே தெரியாமல் மூடி விடுகிறோம். இந்தப் பயம் பழையது.

சுமார் 2400 வருடங்களுக்கு முன் கிரேக்கர்கள் வலிப்பைத் தெய்வம் அனுப்பும் நோய் என்று நம்பினார்கள். இப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல் ஒன்று அதை மறுத்து, இது மூளையின் நோய் என்றது. 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனாவும் தமது 'அல்கானூன்' மருத்துவ நூலில் இதை மூளை நோய்களோடுதான் சேர்த்து எழுதினார். 1857இல் புரோமைட், 1912இல் பீனோபாபிட்டல், 1938இல் பெனிற்றோயின் என மருந்துகள் வந்தன. ஆனால் பயம் போகவில்லை. வலிப்பைக் காரணமாகக் காட்டித் திருமணத்தை இரத்துச் செய்ய இடமளித்த சட்டம் பிரித்தானியாவில் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தது.

ஸஹீஹுல் புகாரியில் வரும் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். தனக்கு வலிப்பு வருவதை நபி (ஸல்) அவர்களிடம் அவரே வந்து சொன்னார். நோயைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் அந்த நேரத்தில் ஆடை விலகாதிருக்க துஆ கேட்டார். அவர் மறைக்கவில்லை. தனக்கு எந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டார்.

நாம் மறைப்பதால்தான் பிள்ளைக்கு ஆபத்து. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எங்கும் கடல் பக்கத்தில், வளவுகளில் கிணறு. வலிப்பு வந்த பிள்ளை முழங்கால் அளவு தண்ணீரிலும் மூழ்கலாம். விசயம் தெரியாத ஆசிரியர் அந்தப் பிள்ளையைச் சுற்றுலாவில் கடலில் இறங்க விடுவார், மதிலில் ஏற விடுவார்.

ஆகவே உம்மாமாரே, வாப்பாமாரே, வகுப்பாசிரியரிடமும் மத்ரஸா உஸ்தாதிடமும் சொல்லி வையுங்கள். குளிக்கும்போது ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். கதவைத் தாழிட வேண்டாம். கிணற்றை மூடுங்கள். அடுப்பருகே தனியே விடாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலிப்பு வந்தால் பிள்ளையை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஒன்றை வைத்து, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தண்ணீருக்குள் வந்தாலோ 1990க்கு அழையுங்கள்.

முறையாக மருந்தெடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது தொற்றுநோயும் அல்ல. பிள்ளை பாடசாலைக்கு வரட்டும், விளையாடட்டும். பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்; எங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.