காபிக் கோப்பை வீட்டுக்கு வந்த கதை

விண்டோஸ் கன்ட்ரோல் பேனலின் ஓரத்தில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஜெனரல், அப்டேட், ஜாவா, செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று ஐந்து தலைப்புகளோடு ஒரு சிறு ஜன்னல் விரியும். பெரும்பாலோர் ஆசைப்பட்டு அதற்குள் போனதில்லை. டெண்டர் போடவோ ரிட்டர்ன் தாக்கல் செய்யவோ உட்கார்ந்து, வேலை நடக்காமல், யாரையோ போனில் பிடித்த பிறகு போனவர்கள்தான். "அங்கே போய் அந்தப் பெட்டியை டிக் பண்ணுங்க, பிரவுசரை மூடித் திறங்க." ஏன் என்று சொன்னவருக்கும் தெரிந்திருக்காது. அதில் வியப்பில்லை. அது ஒரே மூச்சில் திட்டமிட்டு வரைந்த ஜன்னல் அல்ல. அதிலுள்ள பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு வழக்கு, ஒரு வியாபார ஒப்பந்தம், ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று ஏதாவது இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கோப்பைக்கு உரிய ஜாவா என்ற நிரல்மொழி பிறந்ததே, வாங்கியவர் எதையும் நிறுவவோ சரிசெய்யவோ தேவைப்படாத பொருள்களுக்காக.

1991. கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பேட்ரிக் நாட்டன், மைக் ஷெரிடன், ஜேம்ஸ் காஸ்லிங் ஆகியோர் 'கிரீன்' என்ற பெயரில் ஒரு சிறு குழுவாகப் பிரிந்துபோய் மென்லோ பார்க்கில் உட்கார்ந்தார்கள். அடுத்த அலை கணினியில் அல்ல, டிவியிலும் வீட்டுச் சாமான்களிலும் வரும் என்பது அவர்களின் கணக்கு. அங்கேதான் சிக்கலும் இருந்தது. டிவி தயாரிப்பவர் சிப்பை விலை பார்த்துத்தான் வாங்குவார். அடுத்த ஆண்டு வேறொருவர் மலிவாகக் கொடுத்தால் அங்கே தாவிவிடுவார். சிப் மாறும்போதெல்லாம் மென்பொருளைத் திரும்பத் தயார்செய்து கொண்டிருக்க முடியாது. காஸ்லிங் முதலில் சி பிளஸ் பிளஸ் மொழியோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். ஒத்துவரவில்லை. தாமே ஒரு மொழியை எழுதி, ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்து 'ஓக்' என்று பெயர் வைத்தார்.

அந்த மொழியில் எழுதிய நிரல் எந்த நிஜச் சிப்பின் கட்டளையாகவும் மாறாது. இல்லாத ஒரு கற்பனைச் சிப்பின் கட்டளையாக மாறும்; அதற்குப் பைட்கோடு என்று பெயர். ஒவ்வொரு கருவியிலும் அந்தக் கற்பனைச் சிப்பாக நடிக்கும் ஒரு சிறிய மென்பொருள் உட்கார்ந்திருந்தால் போதும், நிரலைத் தொடவே வேண்டாம். நடிக்கும் அந்த மென்பொருளும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்ந்ததைத்தான் பிற்காலத்தில் ஜேஆர்இ என்றார்கள், 'ரன்டைம்' என்றார்கள். 1992இல் குழு செய்து காட்டிய 'ஸ்டார் செவன்' என்ற கையடக்கக் கருவியில் எல்லாம் உள்ளேயே இருந்தது. தொடுதிரையில் டியூக் என்ற கார்ட்டூன் பொம்மை வீடு முழுக்கச் சுற்றிவரும். இன்ஸ்டால், செட்டிங்ஸ் என்ற பேச்சே இல்லை.

அது விலைபோகவில்லை. டைம் வார்னர் கேட்ட கேபிள் பெட்டிக்கு விண்ணப்பித்தார்கள்; அந்த ஒப்பந்தமும் சிலிக்கான் கிராபிக்ஸுக்குப் போனது. கையில் மொழி இருந்தது, குடியேற வீடு இல்லை. அந்த நேரம் பார்த்து வலை வந்தது. எந்தக் கணினியில் திறக்கப்படும் என்று தெரியாத பக்கங்களை அனுப்பும் ஊடகம் அது. எந்தச் சிப்பில் ஓடும் என்று தெரியாத நிரல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1995 தொடக்கத்தில் மான்டெரேயில் நடந்த கூட்டமொன்றில் காஸ்லிங் வலைப்பக்கத்திலிருந்த ஒரு மூலக்கூறு படத்தின் மேல் மவுஸை நகர்த்தினார். படம் சுழன்றது. அசையாத பக்கங்களையே பார்த்துப் பழகியிருந்த கூட்டம் அசந்துபோனது. ஓக் என்ற பெயரை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருந்ததால் ஜாவா என்று மாற்றி, 1995 மே 23 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். நெட்ஸ்கேப் தன் பிரவுசருக்குள்ளேயே அதை வைக்கச் சம்மதித்தது.

அப்போதும் வீட்டில் இருப்பவருக்கு வேலை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெட்ஸ்கேப் வந்தால் ஜாவாவும் கூடவே வரும். 1996இல் மைக்ரோசாஃப்டும் உரிமம் பெற்று இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3இல் தன்னுடைய ஜாவா இயந்திரத்தை வைத்தது. ஆனால் அதில் விண்டோஸுக்கு மட்டுமே உரிய சில சேர்க்கைகள் இருந்தன. எங்கும் ஓட வேண்டிய நிரலை ஒரே இடத்தில் கட்டிப்போடப் பார்க்கிறார்கள் என்று சன் 1997 அக்டோபரில் வழக்குப் போட்டது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதே ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பி ஜாவா இல்லாமலே கடைக்கு வந்தது.

சன்னுக்கு வழக்கில் பணம் கிடைத்தது. வீட்டுக்காரர் தலையில் வேலை விழுந்தது. பிரவுசர்களை நம்பியிருக்க முடியாது என்று சன் 1998 வாக்கிலேயே தனி பிளக்-இன் ஒன்றைத் தயார்செய்திருந்தது. இப்போது ஜாவா வேண்டுமென்றால் பத்து எம்பிக்கு மேல் நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். டயல்-அப் காலத்தில் அது அரைமணி நேரத்துக்கும் மேலான சமாச்சாரம். நடுவில் யாராவது போன் ரிசீவரை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனியாக இறக்கிய பொருளுக்குத் தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஜன்னலும் வேண்டுமே. காபிக் கோப்பை வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

'ஜாவா' என்ற தலைப்பின் கீழ் ரன்டைம் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ரன்டைம் பாராமீட்டர்ஸ் என்ற கட்டத்தில் எக்ஸ்எம்எக்ஸ் என்ற கட்டளையைத் தட்டி, பக்கத்தில் 256எம் என்றோ 512எம் என்றோ போடுவார்கள். ஜாவாவில் பயன்படுத்திய நினைவகத்தை எழுதுபவர் திருப்பித்தர வேண்டியதில்லை. குப்பை பொறுக்கும் பகுதி ஒன்று அவ்வப்போது வந்து வேண்டாததை அள்ளும். அது அடிக்கடி வந்தால் நிரல் திணறும், வராமலே இருந்தால் கணினியின் நினைவகம் முழுவதும் நிரம்பும். அதனால் ஓர் உச்சவரம்பு வேண்டியிருந்தது. பழைய ஜாவாக்களில் அது தானாக 64 எம்பி. பெரிய படத்தைத் திறந்தாலே மூச்சு முட்டும். சரி, தாராளமாக 2 ஜிபி கொடுப்போம் என்று போட்டால், 32 பிட் விண்டோஸில் அத்தனை பெரிய இடம் ஒரே துண்டாகக் கிடைக்காமல் ஜாவா கிளம்பவே மறுக்கும். இந்த எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தவர்களில் பலர் புரோகிராமர்களே அல்ல, மைன்கிராஃப்ட் விளையாடிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2009இல் மார்கஸ் பெர்சன் அந்த விளையாட்டை ஜாவாவில் எழுதியதன் பலன்.

அதே பட்டியலில் இரண்டு மூன்று ஜாவாக்கள் அடுக்கி நிற்பதும் உண்டு. 32 பிட் பிரவுசருக்கு 32 பிட் ஜாவா, மற்றதற்கு 64 பிட் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவு நியாயமானது அல்ல. அப்டேட் போட்டால் பழையது போய்விடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பல காலம், கடைசிக்கு முந்தைய பதிப்பு மட்டுமே போனது. ஜாவா 6இன் பத்தாவது அப்டேட்டுக்கு முந்தியவை அசையவே இல்லை. ஓட்டைகள் அடைபடாத பழைய பதிப்புகள் வீட்டுக் கணினிகளில் அப்படியே கிடந்தன. 2010இல் சன்னை வாங்கியிருந்த ஆரக்கிள் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் எஃப்டிசி இதைத்தான் குற்றமாகச் சாட்டியது. 85 கோடிக்கும் மேற்பட்ட கணினிகளில் ஜாவா இருந்ததாக ஆணையம் சொன்னது. 2015 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது.

ஓட்டை என்றால் என்ன ஓட்டை? வலைப்பக்கத்தோடு வரும் ஆப்லெட் என்ற குட்டி ஜாவா நிரல் ஒரு வேலிக்குள் ஓட வேண்டும், நம் கோப்புகளைத் தொடக்கூடாது என்பது ஜாவாவின் முதல்நாள் வாக்குறுதி. வேலி பல இடங்களில் பிய்ந்தது. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, பிரவுசரில் ஜாவாவை அணைத்துவிடுங்கள் என்று மக்களுக்குச் சொல்லும் நிலை வந்தது. செக்யூரிட்டி தலைப்பின் கீழ் உள்ளவை அந்த மாதங்களின் குழந்தைகள். பிரவுசரில் ஜாவாவை அனுமதிக்கவா என்ற பெட்டியும், ஏற்றி இறக்கும் பாதுகாப்பு அளவும் 2012 டிசம்பரில் வந்தன. அடுத்த மாதமே அந்த அளவு தானாக 'ஹை'க்கு ஏறியது. கெடுபிடி கூடக்கூட, முறையான கையொப்பம் இல்லாத பழைய அலுவலகத் தளங்களெல்லாம் நின்றுபோயின. அவற்றுக்காக 2014 ஜனவரியில் எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட் என்ற விலக்குப் பட்டியல் திறக்கப்பட்டது. முதலில் கதவைச் சாத்தி, பிறகு வீட்டுக்காரரையே வாசலில் காவலுக்கு நிற்கவைத்த ஏற்பாடு. எந்தத் தளத்தை நம்பலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அட்வான்ஸ்டு தலைப்பில் அடிவரை உருட்டினால், விளம்பரதாரர் சலுகைகளைக் காட்டாதே என்று ஒரு பெட்டி. இலவசமாகக் கொடுத்த பொருளில் காசு பார்க்க, சன் 2005இலேயே கூகுள் டூல்பாரைக் கூடச் சேர்த்தது. ஆரக்கிள் காலத்தில் ஆஸ்க் டூல்பார், முன்கூட்டியே டிக் போட்டபடி. பாதுகாப்பு அப்டேட் போட வந்தவர் வேண்டாத டூல்பாரோடு வீடு திரும்பினார். அதைத் தடுக்கும் பெட்டியை அத்தனை ஆழத்தில் வைத்திருந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. 2015இல் குரோம் இவ்வகைப் பிளக்-இன்களைக் கைவிட்டது, 2017இல் ஃபயர்ஃபாக்ஸ். 2018இல் வந்த ஜாவா 11இல் பிளக்-இன்னும் இல்லை, கோப்பை ஜன்னலும் இல்லை. ஆரக்கிளே இனி வீட்டுக்காரருக்கென்று தனி ரன்டைம் தருவதை நிறுத்தி, ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய ஜாவாவைத் தன்னோடு கொண்டுவரட்டும் என்றது. மைன்கிராஃப்ட் அதற்கு முன்பே அந்த வழிக்கு மாறியிருந்தது. ஜாவா 8 வைத்திருப்பவர்களிடம் மட்டும் கோப்பை இன்னும் இருக்கிறது.

நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஒப்பந்ததாரர்களிடமும் அது நீண்ட நாள் தங்கியதற்குக் காரணம் டிஜிட்டல் கையொப்பம். யுஎஸ்பி டோக்கனில் இருக்கும் சாவியைத் தொடப் பிரவுசருக்கு வழியில்லை. கையொப்பமிட்ட ஆப்லெட்டுக்கு இருந்தது. ஆப்லெட் போனபின், ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர் போன்ற தனி மென்பொருளைக் கணினியிலேயே ஓடவிட்டு, பிரவுசர் அதனோடு 127.0.0.1 என்ற உள்முகவரியில் பேசும்படி செய்தார்கள். முதல்முறை அந்த முகவரியைத் திறந்தால் இது பாதுகாப்பானது அல்ல என்று பிரவுசர் எச்சரிக்கும். உதவிக் குறிப்பு சொல்வது: அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி, விலக்கு அளித்து, மேலே தொடரவும்.