‘ரவி வந்தால் மீனாவும் வருவாள்’: கேட் தேர்வின் நிபந்தனைப் புதிர்களில் எங்கே சறுக்குகிறோம்?

ஆபீஸ் முடிந்து வந்து கேட் தேர்வுக்குப் படிப்பவரா நீங்கள்? புதிர் புரிந்த மாதிரியே இருக்கும், விடை மட்டும் தப்பாகும். காரணம் பெரும்பாலும் ஒரு ‘ஆல்’ விகுதிதான்.

கொல்கத்தா ஐஐஎம் 2024-இல் நடத்திய கேட் தேர்வில், தர்க்கப் புதிர்கள் வரும் பகுதிக்கு 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். அதாவது, சரியாகப் போட்டவருக்கும் தப்பாகப் போட்டவருக்கும் 4 மதிப்பெண் வித்தியாசம்.

எது சரி, எது தப்பு?

“ஒருவர் கொல்கத்தாவில் இருந்தால், அவர் மேற்கு வங்கத்தில் இருக்கிறார்.” இதிலிருந்து நான்கு முடிவுகள் மனதில் ஓடும்.

1. கொல்கத்தாவில் இருக்கிறார், எனவே மேற்கு வங்கத்தில் இருக்கிறார். சரி.
2. மேற்கு வங்கத்தில் இல்லை; எனவே கொல்கத்தாவில் இல்லை. இதுவும் சரி.
3. மேற்கு வங்கத்தில் இருக்கிறார். எனவே கொல்கத்தாவில் இருக்கிறார். தப்பு. டார்ஜிலிங்கில் இருக்கலாமே!
4. கொல்கத்தாவில் இல்லை, எனவே மேற்கு வங்கத்தில் இல்லை. தப்பு. அதே டார்ஜிலிங்தான் காரணம்.

ஏன் சறுக்குகிறோம்?

“வேலையை முடிச்சா டீ வாங்கித் தர்றேன்” என்று நண்பர் சொன்னால், “முடிக்கலைன்னா டீ கிடையாது” என்பதையும் நாமே சேர்த்துக்கொள்கிறோம். அவர் அதைச் சொல்லவில்லை. பேச்சில் இது சகஜம். புதிரில் சொல்லாததைச் சேர்த்தால் மதிப்பெண் போகும்.

‘மட்டுமே’ வந்தால்?

“மீனா வந்தால் மட்டுமே ரவி வருவான்.” இங்கே மீனா வந்துவிட்டாள் என்பதற்காக ரவி வந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் ரவி வந்திருந்தால், மீனா நிச்சயம் வந்திருக்கிறாள். தலைப்பில் உள்ள வாக்கியம் சொல்வதும் இதைத்தான்.

நினைவில் வைக்க ஒரு பழமொழி

“நெருப்பில்லாமல் புகையாது.” இதையே திருப்பினால், “புகை இருந்தால் நெருப்பு இருக்கும்.” அதற்காக, நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்குமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நியாய தர்க்க மரபு காட்டும் பழைய உதாரணம் இது. அந்த மரபின் புகழ்பெற்ற மையங்களில் ஒன்று, வங்கத்தின் நவத்வீபம்.

அடுத்த மாக் டெஸ்ட்டில் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு நிபந்தனையையும் ‘ரவி → மீனா’ என்று எழுதுங்கள். அதன் கீழேயே ‘மீனா இல்லை → ரவி இல்லை’ என்றும் எழுதுங்கள். இந்த இரண்டு வரியில் அடங்காத எதையும் விடையாகக் குறிக்காதீர்கள்.