பொறியியல் முதுநிலையா, முனைவர் பட்டமா? வேலைவாய்ப்பு வழியே ஒரு வரலாறு

பொறியியலில் இளநிலைப் பட்டம் முடித்து மேற்படிப்பை நாடுவோர் முன் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, ஓராண்டிலோ ஈராண்டிலோ முடியும் தொழில்முறை முதுநிலைப் பட்டம். மற்றொன்று, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீளும் முனைவர் பட்டம். இவற்றை ஒரே ஏணியின் கீழ்ப்படி, மேல்படி என்று கருதுவது பொதுவான வழக்கம். ஆனால் இவை வெவ்வேறு வேலைகளுக்காக, வெவ்வேறு தரப்பினரின் பணத்தில் வளர்ந்த பட்டங்கள். இந்த வேறுபாட்டை அறிந்தால், எந்தப் பட்டம் எந்த வேலைக்கு வழிவிடும் என்பதும் எளிதில் விளங்கும்.

ஜெர்மனியில் தொடக்கம்

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் முனைவர் பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. பொறியாளர்களை உருவாக்கிய தொழில்நுட்ப உயர்கல்விக்கூடங்களுக்கு அந்த உரிமை இல்லை. 1899 அக்டோபரில் பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பிரஷ்யாவின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடங்களுக்கு இரண்டு பட்டங்களை வழங்கும் உரிமையை அளித்தார். முதலாவது 'டிப்ளோம் இன்ஜினியர்'. அடுத்தது 'டாக்டர் இன்ஜினியர்'. பல்கலைக்கழகங்கள் இதை விரும்பவில்லை. பழைய முனைவர் பட்டங்களோடு குழப்பம் நேராதபடி, புதிய பட்டத்தின் பெயர் லத்தீனில் அல்லாமல் ஜெர்மன் வடிவிலேயே எழுதப்பட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது.

இந்த மாற்றத்தின் தேவையை லுட்விக் பிராண்டலின் வாழ்க்கை காட்டுகிறது. மியூனிக் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் பொறியியல் பயின்ற அவர், முனைவர் பட்டத்தை 1900இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில்தான் பெற முடிந்தது. பட்டத்துக்குப் பின் அவர் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, சீவல்களை உறிஞ்சி அகற்றும் கருவியைச் சீரமைத்தார். அங்கே காற்றோட்டம் குறித்து எழுந்த கேள்விகள், 1904இல் அவர் வெளியிட்ட எல்லைப்படலக் கோட்பாட்டுக்குத் தூண்டுதலாயின.

ஜெர்மனியில் டாக்டர் இன்ஜினியர் பட்டம் பெறுபவர் பெரும்பாலும் ஆய்வு நிறுவனத்தில் சம்பளம் பெறும் ஊழியராகவே பணியாற்றுகிறார். தொழில்துறைத் திட்டங்களிலும் பங்கேற்கிறார். ஆகவே அந்த ஆண்டுகளைத் தொழிற்சாலைகள் பணி அனுபவமாகவே மதிப்பது அங்கு வழக்கம். மற்ற நாடுகளில் இந்நிலை அப்படியே அமையவில்லை.

அமெரிக்கா: பட்டறையும் ஆய்வகமும்

அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டங்கள் 1861இல் யேல் கல்லூரியில் வழங்கப்பட்டன. அங்கேயே 1863இல் ஜே. வில்லார்டு கிப்ஸ் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பற்சக்கரங்களின் பல் வடிவமே அவரது ஆய்வுப்பொருள். 1866இல் ரயில் பெட்டிக்கான தடுப்புக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். 1871இல் யேலில் கணித இயற்பியல் பேராசிரியரானபோது அவருக்குச் சம்பளமே இல்லை. உயர் பட்டத்துக்கு அன்று தொழிற்சாலை வாசலில் விலை இல்லை. பொறியாளர் பட்டறையில் உருவாகிறார் என்பதே முதலாளிகளின் நம்பிக்கை.

இந்நிலையை மாற்றியவை நிறுவன ஆய்வகங்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1900இல் தொடங்கிய ஆய்வகத்துக்கு, லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்ற வில்லிஸ் விட்னி தலைவரானார். 1909இல் அங்கு சேர்ந்த இர்விங் லாங்மியூர், கொலம்பியாவில் உலோகப் பொறியியலும் கோட்டிங்கனில் முனைவர் படிப்பும் முடித்தவர். மின்விளக்கின் ஆயுளையும் திறனையும் உயர்த்திய அவருக்கு 1932இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. முனைவர் பட்டத்துக்கெனத் தொழில்துறையில் தனி இடம் உருவானது இத்தகைய ஆய்வகங்களில்தான்.

இன்னொரு பாதையும் அதே காலத்தில் திறந்தது. 1916இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வேதிப்பொறியியலில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இதற்கு நிதியளித்தார். மாணவர்கள் உண்மையான ஆலைகளுக்குச் சென்று அங்குள்ள சிக்கல்களைத் தீர்த்தே முதுநிலைப் பட்டத்துக்குத் தகுதி பெற்றனர். தொழில்முறை முதுநிலைப் படிப்பின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

யார் பணம் கொடுத்தார்கள்?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இரு பட்டங்களின் பொருளாதாரமும் தெளிவாகப் பிரிந்தது. வன்னெவர் புஷ் 1945இல் அளித்த அறிக்கை, அடிப்படை ஆய்வுக்கு அரசு நிதி வேண்டும் என வலியுறுத்தியது. 1950இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை அமைந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் இந்த நிதி மேலும் பெருகியது. ஆய்வுத் திட்டத்துக்கு வரும் பணத்திலிருந்து முனைவர் பட்ட மாணவரின் கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் வழங்கப்பட்டன. இன்றும் அமெரிக்கப் பொறியியல் துறைகளில் இதுவே பெருவழக்கு.

முதுநிலை மாணவரின் செலவை ஏற்றது வேறொரு தரப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் டெர்மன் 1950களின் நடுவில் ஒரு கூட்டுத் திட்டத்தை நடத்தினார். அருகிலிருந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் வேலையை விடாமலே முதுநிலைப் பட்டம் பெற இது வழிசெய்தது. கட்டணத்தை நிறுவனங்கள் ஏற்றன. நிறுவனம் பணம் தராதபோது அந்தச் சுமை மாணவரின் தலையில் விழுந்தது. முனைவர் படிப்பு ஆண்டுகளை விழுங்குவதும், முதுநிலைப் படிப்பு பணத்தை விழுங்குவதும் இந்த அமைப்பின் விளைவுகளே.

அரசு நிதியைச் சார்ந்த பாதைக்கும் ஆபத்து உண்டு. 1970ஐ ஒட்டி விண்வெளி, பாதுகாப்புச் செலவுகள் சுருங்கியபோது, உயர் பட்டம் பெற்றவர்களும் வேலையின்றித் தவித்தனர். ஆய்வகம் இருந்தால்தான் ஆய்வாளருக்கு வேலை என்ற உண்மை அப்போது வெளிப்பட்டது.

ஒரு கண்டுபிடிப்பு, இரண்டு பட்டங்கள்

ஒருங்கிணைந்த மின்சுற்றை ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவர் தனித்தனியே உருவாக்கினர். ஜாக் கில்பி மில்வாக்கியில் வேலை பார்த்துக்கொண்டே படித்து 1950இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1958 செப்டம்பர் 12 அன்று தம் சுற்றை இயக்கிக் காட்டினார். ராபர்ட் நாய்ஸ் 1953இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் 1959இல் அவர் உருவாக்கிய வடிவம் பெருமளவு உற்பத்திக்கு ஏற்றதாக அமைந்தது.

இதைக் கொண்டு பட்டம் பயனற்றது என்று முடிவுசெய்வது தவறு. குறைக்கடத்தித் தொழில் தொடக்கத்திலிருந்தே முனைவர்களை நாடியது. 1968இல் இன்டெலைத் தொடங்கிய நாய்ஸும் கார்டன் மூரும், அவர்களுடன் சேர்ந்த ஆண்ட்ரூ குரோவும் முனைவர்களே. மாறாக, 1939இல் நிறுவனம் தொடங்கிய ஹியூலெட்டும் பேக்கார்டும் முனைவர் படிப்பை நாடவில்லை. பொருளின் உள்ளியல்பைப் புதிதாக அறிய வேண்டிய துறையில் முனைவர் பட்டம் நுழைவுச்சீட்டு. அறிந்ததைக் கொண்டு கருவி அமைக்கும் துறையில் முதுநிலையே போதுமானதாக இருந்தது.

இடைவழிகள்

இரண்டுக்கும் நடுவே பாலம் அமைக்கும் முயற்சிகளும் நடந்தன. பிரிட்டனில் 1980இல் வெளியான ஃபின்னிஸ்டன் அறிக்கைக்குப் பின் 'எம்.எங்.' பட்டம் பரவியது. 1992இல் அங்கு தொடங்கிய பொறியியல் முனைவர் திட்டத்தில், மாணவர் தம் காலத்தின் பெரும்பகுதியைத் தொழில் நிறுவனத்திலேயே செலவிடுகிறார். 1999இல் கையெழுத்தான போலோன்யா பிரகடனத்தைத் தொடர்ந்து, ஜெர்மனியின் பெரும்பாலான கல்விக்கூடங்கள் பழைய டிப்ளோமை விட்டு இளநிலை, முதுநிலை முறைக்கு மாறின.

விசாவும் கல்விக்கடனும்

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் மாணவரின் தேர்வில் குடிவரவு விதிகளும் பங்கு வகிக்கின்றன. 2004ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவில் முதுநிலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு எச்-1பி விசாவில் கூடுதலாக 20,000 இடங்களை ஒதுக்கியது. அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கான பயிற்சிப் பணிக்காலம் 2008இல் 17 மாதங்களும், 2016இல் அதற்குப் பதிலாக 24 மாதங்களும் நீட்டிக்கப்பட்டது. இதனால் முதுநிலைப் பட்டமே வேலைச் சந்தையின் வாசலாயிற்று. ஆனால் அந்த வாசலை அடையப் பலர் பெருங்கடன் வாங்குகின்றனர். விதிகள் மாறினாலும் கடன் தவணை மாறுவதில்லை. இந்தியாவிலோ, பொறியியல் கல்லூரியில் இணைப் பேராசிரியராக உயர முனைவர் பட்டம் கட்டாயம். தொழிற்சாலையின் வடிவமைப்புப் பணிகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

தேர்வுக்கான அளவுகோல்கள்

இவ்வரலாறு மாணவருக்குச் சில கேள்விகளைத் தருகிறது. விரும்பும் பணிக்கான அறிவிப்புகளில் முனைவர் பட்டம் கட்டாயத் தகுதியா, விரும்பத்தக்க தகுதியா? படிப்புச் செலவை ஏற்பவர் யார்? படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் சம்பளம் எவ்வளவு? ஆய்வேடு இல்லாத முதுநிலையை முடித்தபின் முனைவர் படிப்புக்கு மாற எண்ணம் உண்டா? அவ்வாறாயின் ஆய்வேடு எழுதும் முதுநிலையே பொருத்தமானது. முனைவர் படிப்பில் சேர்ந்து, இடையில் முதுநிலைப் பட்டத்துடன் வெளியேறும் வாய்ப்பும் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ளது.

ஆசிரியப் பணி, நிறுவன ஆய்வகம், புதிய பொருள்களின் உருவாக்கம் ஆகியவற்றை நாடுவோருக்கு முனைவர் பட்டம் தேவைப்படுகிறது. வடிவமைப்பு, உற்பத்தி, திட்ட மேலாண்மை ஆகியவற்றுக்கு முதுநிலையும் அதனுடன் சேரும் பணி அனுபவமுமே கைகொடுக்கின்றன. எனவே செய்ய விரும்பும் வேலையை முதலில் தீர்மானித்து, அதன்பின் பட்டத்தைத் தேர்வது பொருத்தமான வரிசை எனலாம்.