மின்மடலில் வடிவம் வளர்ந்த வரலாறு

ஓலை கிழிந்துவிடுமென அஞ்சி, மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமல் எழுதினர் நம் முன்னோர். அதனால் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் பட்ட இடர்கள் தமிழாசிரியர் அறிந்தனவே. எழுதப்படும் பொருளின் இயல்பு எழுத்தின் வடிவத்தை ஆளும் என்பதற்கு இஃது ஒரு சான்று. மின்னஞ்சலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். நாள்தோறும் நமக்கு வந்து குவியும் வண்ண விளம்பர மடல்கள் இன்றைய வடிவை எவ்வாறு பெற்றன என்பதைக் காண்போம்.

வெற்றெழுத்துக் காலம்

1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையமைப்பின்வழி ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் விடுத்தார். பெயரையும் கணினியையும் பிரித்துக்காட்ட அவர் தேர்ந்த குறியே இன்றும் மின்னஞ்சல் முகவரிகளில் நிற்கிறது. 1978 மே திங்களில், டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், கணினி அறிமுக நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 400 பேரை ஒரே மடலால் அழைத்தார். முகவரிகள் தமக்குரிய இடத்தில் அடங்காமல் மடலின் உடற்பகுதிக்குள்ளும் வழிந்தன. ஆய்வுப் பணிக்கென அமைந்த வலையமைப்பில் வணிகமா என்று எதிர்ப்பு எழுந்தது. வேண்டாத விளம்பர மடலுக்கு முதற்சான்றாகக் கருதப்படும் அம்மடலில் படமுமில்லை, வண்ணமுமில்லை. ஆங்கில எழுத்துகளே இருந்தன.

மைம் திறந்த வாயில்

அந்நாளைய மின்னஞ்சல், ஆஸ்கி எனப்படும் 128 குறிகளை மட்டுமே சுமக்க வல்லது. நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் 1992இல் வகுத்தளித்த மைம் என்னும் நெறிமுறை இத்தளையை அறுத்தது. படம், ஒலி, பிறமொழி எழுத்து ஆகியவற்றை அந்த 128 குறிகளாகவே மாற்றி அனுப்பவும், பெறுமிடத்தில் மீட்கவும் அது வழிவகுத்தது. ஒரே செய்தியை எளிய எழுத்தாகவும் அழகுற அமைத்த பக்கமாகவும் ஓர் உறைக்குள் வைத்து அனுப்பலாம். பெறும் கணினி தன் ஆற்றலுக்கேற்ற ஒன்றைக் காட்டும்.

மடலின் எழுத்துமுறை யாது என அதன் தலைப்பிலேயே அறிவிக்கும் வழக்கமும் மைம் தந்ததே. தமிழர்க்கு இது சிறிய நன்மையன்று. 1990களில் ஊருக்கொரு குறியேற்றம் நிலவியதால், ஒருவர் எழுதிய தமிழ் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதுண்டு. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. பின்னர் ஒருங்குறி பரவியதும் தமிழ் மடல் தடையின்றிச் செல்லலாயிற்று. வணிகரின் வண்ணப் படத்தைச் சுமந்த அதே உறைதான் நம் எழுத்தையும் சுமந்தது.

அட்டவணைக்குள் ஓவியம்

1990களின் பிற்பகுதியில், வலைப்பக்கங்களுக்குரிய எச்.டி.எம்.எல். மொழியிலேயே விளம்பர மடல்கள் எழுதப்படலாயின. ஆயினும், வலைப்பக்கம் பெற்ற வளர்ச்சியை மடல் பெறவில்லை. மடலின் ஒப்பனை விதிகள் தம் பக்கத்தைக் குலைத்துவிடாதிருக்க, வலைவழி அஞ்சல் சேவைகள் அவற்றுள் பலவற்றை நீக்கின. 2007ஆம் ஆண்டின் அவுட்லுக் செயலியோ, உலாவியின் பொறியை விடுத்து, வேர்டு சொற்செயலியின் பொறியைக் கொண்டு மடலைக் காட்டலாயிற்று. ஆகவே வடிவமைப்பாளர், வலைத்தளங்கள் கைவிட்ட பழைய அட்டவணை முறையையே பற்றி நின்றனர். ஏறத்தாழ 600 படப்புள்ளி அகலத்தில் கட்டங்களை அமைத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் நிறத்தையும் எழுத்தளவையும் தனித்தனியே எழுதினர். எந்தத் திரையிலும் சிதையாத மடலே சிறந்த மடல் என்பது அவர்கள் கற்ற பாடம்.

ஒரு பட்டறிவு

இப்பாடத்தை நானும் கற்றேன். பள்ளி விழா அழைப்பை அழகிய ஒரே படமாக வரைவித்துப் பெற்றோர்க்கு மின்னஞ்சலில் விடுத்தோம். சிலருடைய செயலி படங்களைத் தடுத்திருந்தமையால், அவர்கள் கண்டது வெற்றுக் கட்டமே. பார்வையற்ற தந்தை ஒருவருக்கு அவருடைய கணினி படித்துக்காட்ட ஓர் எழுத்தும் அதில் இல்லை. அவர் தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது நான் நாணினேன். நாளும் நேரமும் எழுத்தாக இருந்திருப்பின், அவர் எவரையும் கேட்க வேண்டியிருந்திராது.

ஒற்றும் வரம்பும்

செயலிகள் படங்களைத் தடுப்பதற்கும் காரணமுண்டு. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைப் புள்ளிப் படத்தை மடலில் பொதிந்து, அது திறக்கப்பட்டதா என விற்பனையாளர் ஒற்றறிந்தனர். 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் அவ்வொற்றைப் பயனற்றதாக்கும் காப்பை அளித்தது. சட்டமும் வரம்பு கட்டியது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், விலக விரும்புவோரைப் பத்து வேலைநாள்களுக்குள் விடுவிக்கக் கட்டளையிட்டது. சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், வேண்டாத விளம்பர மடல்கள் தலைப்பிலேயே தம்மை விளம்பரமென அறிவிக்கவும், விலகும் வழியைக் காட்டவும் பணித்தது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடி விளம்பரத்திற்குத் தம் விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தக் கோரும் உரிமையைத் தனிமனிதர்க்கு வழங்கியது.

ஆகவே, மாணவர்க்கு மடல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர், ஒப்பனைக்கு முன் செய்தியைக் கற்பித்தல் வேண்டும். படம் வாராது போயினும் பொருள் விளங்க வேண்டும். எழுதியவர் யார், வேண்டியது யாது என்பன ஒளிவின்றி நிற்க வேண்டும். ஓலைக்கு அஞ்சிப் புள்ளியை விட்டவர்க்கு வேறு வழியில்லை. அழகுக்காக எழுத்தையே விடுவோர்க்கு அச்சாக்கும் இல்லை.