பதில் வராத ஜெபங்களும் பர்மாவில் ஒரு தலையணையும்

சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர், ஸ்கேனில் கட்டி மறைந்தவர், பல வருஷம் கழித்துக் குழந்தை பெற்றவர் எல்லாரும் வந்து மைக் பிடிப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனா கேட்டது கிடைக்காதவருக்கு அந்த மைக் கிட்ட வேலையே இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து அடுத்தவர் சாட்சிக்கு அல்லேலூயா சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் விசுவாசம் குறைந்தவரா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிற மனுஷன் அடோனிராம் ஜட்சன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்குங்க.

1788-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1812 பிப்ரவரியில் ஆன் என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, இரண்டே வாரத்தில் இரண்டு பேரும் மிஷனரிகளாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். கல்கத்தாவில் இறங்கினால் கிழக்கிந்தியக் கம்பெனி விரட்டுகிறது. மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813-ல் நம்ம மெட்ராஸுக்கு வந்தார்கள். இங்கேயும் விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், அப்போது கிளம்பத் தயாராக நின்ற ஒரு கப்பலில் ஏறிக்கொண்டார்கள். அது ரங்கூன் போகிற கப்பல். அந்தப் பயணத்திலேயே முதல் குழந்தை இறந்து பிறந்தது. 1815-ல் ரங்கூனில் பிறந்த ரோஜர் என்ற பையனும் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை. முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819-ல்தான். ஆறு வருஷக் காத்திருப்புக்கு ஒரே ஒரு ஆள்!

அப்புறம் 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. வெள்ளைக்காரன் என்றாலே உளவாளி என்று தலைநகர் ஆவாவில் ஜட்சனைப் பிடித்து மரணச் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு. ராத்திரியானால் கால்களுக்கு நடுவே மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள். தலையும் தோளும் மட்டும் தரையில் கிடக்கும். கர்ப்பிணியான ஆன், அதிகாரிகள் வீடு வீடாக நடந்து கெஞ்சியும் லஞ்சம் கொடுத்தும் சாப்பாடு கொண்டுபோனார்.

ஜட்சன் பல வருஷம் உழைத்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதி ஆனிடம்தான் இருந்தது. முதலில் அதை மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலம் வந்தால் மக்கிப்போகுமே! எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, சிறைக்கே அனுப்பிவிட்டார். கட்டை மாதிரி இருக்கும் தலையணை மேல் யார் ஆசைப்படுவார்கள்? பிறகு கைதிகளை வேறு ஊருக்கு ஓட்டிப்போனபோது காவலர்கள் தலையணையைப் பிடுங்கி, மேலுறையை உருவிக்கொண்டு உள்ளே இருந்த பொதியை வீசிவிட்டார்கள். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, வாத்தியார் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்தப் பொதியை எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சிறைக்காலத்தில் மரியா என்ற மகள் பிறந்தாள். ஆன் காய்ச்சலில் விழுந்து பால் வற்றிப்போக, காவலருக்குக் காசு கொடுத்து, விலங்கோடு ஜட்சன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய், பால் கொடுக்கிற தாய்மாரிடம் கையேந்தினார்.

பதினேழு மாதம் கழித்து 1825 நவம்பரில் சிறையிலிருந்து எடுத்தார்கள், சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக. போரும் முடிந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? 1826-ல் ஒப்பந்தம் பேச ஆங்கிலேயத் தூதுக்குழு மறுபடி ஆவாவுக்குப் போனது. மதச் சுதந்திரத்துக்கு ஒரு ஷரத்து சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஜட்சனும் கூடப் போனார். ஷரத்து கிடைக்கவில்லை. கறுப்பு முத்திரை போட்ட ஒரு கடிதம்தான் கிடைத்தது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பிரித்தால், போனது ஆன். அக்டோபர் 24. சரியாக ஆறு மாதம் கழித்து, 1827 ஏப்ரல் 24-ல் மரியாவும் போய்விட்டாள். ரெண்டே கால் வயசு.

இதற்குப் பிறகு ஜட்சன் என்ன ஆனார் என்பதைப் பிரசங்கங்களில் அதிகம் சொல்வதில்லை. மனுஷன் உடைந்துபோனார். மோல்மேனில் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுத் தனியாக இருந்தார். தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து மரணத்தை யோசித்துக்கொண்டிருந்தார். தனக்குக் கிடைத்த டாக்டர் பட்டமே வேண்டாம் என்று 1828-ல் எழுதிக் கொடுத்தார். 1829-ல், ஆன் இறந்த மூன்றாம் வருஷ நினைவு நாளில் எழுதிய கடிதத்தில், கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்.

எனக்கு இந்தக் கடிதம்தான் அவருடைய பெரிய சாட்சி. காணமுடியவில்லை என்பதை மறைக்கவும் இல்லை, நம்புகிறேன் என்பதை விடவும் இல்லை. வேலையையும் கைவிடவில்லை. வீசியெறிந்த தலையணைப் பொதி பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. முழு வேதாகமத்தையும் 1834 ஜனவரியில் பர்மிய மொழியில் முடித்தார். மியான்மர் சபைகளில் இன்றும் வாசிப்பது அதைத்தான். அவர் இருட்டில் கிடந்த அதே 1828-ல், முன்பு அவர் வீட்டில் அடைக்கலம் பெற்ற கோ தா பியு என்ற பழைய கொள்ளைக்காரர் ஞானஸ்நானம் எடுத்தார். அவர் மூலமாகத்தான் கரேன் மக்களிடையே பெரிய எழுப்புதல் உண்டானது.

"பார்த்தீங்களா, இதுக்குத்தான் கர்த்தர் அதை அனுமதிச்சார்" என்று உடனே கணக்கை நேர் செய்துவிடுவோம். எனக்கு அதில் சம்மதமில்லைங்க. ஆனுக்கும் மரியாவுக்கும் எத்தனை ஆயிரம் பேர் விலை? ஜட்சனே அப்படிக் கணக்குப் போட்டிருந்தால் குழி பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லணும். யூதர்களிடம் ஊழியம் செய்ய வேண்டும் என்பது ஜட்சனின் இன்னொரு பழைய ஜெபம். அதுவும் நடக்கவில்லை. கடைசி நாட்களில் மனைவி எமிலி ஒரு செய்தியைப் படித்துக் காட்டினார்: அவருடைய பர்மா பாடுகளைப் பற்றி வாசித்த துருக்கி யூதர்கள் சிலர், எங்களுக்கும் ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்களாம். ஜட்சன் கலங்கிப்போனார். மனசார வேண்டிய எதுவும் வராமல் போனதில்லை, நாம் நினைக்காத ஏதோ ஒரு உருவத்தில் என்றாவது வந்துவிடுகிறது என்று அவர் சொன்னதாக எமிலி எழுதி வைத்திருக்கிறார்.

இதையே இப்போதுதான் புது வேலை கிடைத்த ஒருவர் மைக்கில் சொன்னால் நான் கடந்து போயிருப்பேன். ஆனா குழி வெட்டி உட்கார்ந்திருந்தவர் சொல்கிறாரே. அதை முழுசாக ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தள்ளிவிடவும் முடியவில்லை.

1850 ஏப்ரல் 12-ல் கப்பலில் இறந்து, கடலிலேயே அடக்கமானார். சொந்தமாக வெட்டிய குழிக்கு வேலை வரவில்லை.