கேட்பதும் இளைப்பாறுவதும்: அருணாசலத்துக்கு வந்த ஒரு பிரெஞ்சுத் துறவி

கிரிவலம் 14 கிலோமீட்டர். கிழக்கே பெரிய கோயிலில் தொடங்கி, தெற்கே திரும்பி, மலைக்கு மேற்கே அடி அண்ணாமலைக்கு வரும்போது பாதி வழிக்கு மேல் ஆகிவிடும். இங்கே வந்ததும் பலர் கடையோரத்திலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டால், "கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போறோம்" என்பார்கள்.

இந்த "இளைப்பாறுதல்" தமிழ் விவிலியத்தில் முக்கியமான சொல். மத்தேயு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், பாரம் சுமந்து களைத்தவர்களைத் தம்மிடம் அழைக்கும் இயேசு, அவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொல்கிறார். அதே மூச்சில் தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறார். மாட்டுக்கு நுகத்தை அவிழ்த்தால்தானே ஓய்வு? இவர் பூட்டிக்கொள்ளச் சொல்கிறாரே! இந்தப் புதிருக்கு விடையாகத் தம் வாழ்க்கையையே வைத்த ஒருவர் நம் மலைக்கு வந்து தங்கியிருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ஆன்ரி லெ சோ. 1910-இல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரை ஊரான சேன் பிரியாக்கில் பிறந்தவர். 1929-இல் கெர்கோனான் மடத்தில் சேர்ந்தார். அது புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடம். அந்தச் சபையின் பழைய விதிநூல் "கேள்" என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே கொடுக்கும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று கீழ்ப்படிதல். கீழ்ப்படிவதற்குப் பிரெஞ்சில் "ஒபேயிர்" என்போம். அதன் வேர், லத்தீனில் காது கொடுத்துக் கேட்பது. இதை வகுப்பில் கேட்டபோது எனக்கு வியப்பாக இல்லை. "சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை" என்று நம் வீட்டிலும் அதைத்தானே சொல்கிறோம்?

1934-இலேயே லெ சோவுக்கு இந்தியா போகும் ஆசை வந்துவிட்டது. ஆனால் மடாதிபதியின் அனுமதி இல்லாமல் துறவி வெளியே கால் வைக்க முடியாது. நடுவில் போர் வந்து, படையிலும் பணியாற்றித் திரும்பினார். 1947-இல்தான் திருச்சி ஆயர் மெந்தோன்சாவுக்கு அவர் கடிதம் எழுத முடிந்தது. ஆயர் அதை, குளித்தலைப் பகுதியில் பணியாற்றிய ழூல் மொன்ஷானன் என்ற பிரெஞ்சுக் குருவிடம் கொடுத்தார். தனக்கு ஒரு துணை வேண்டுமென்று காத்திருந்தவர் மொன்ஷானன். 1948 ஆகஸ்டில் லெ சோ வந்து சேர்ந்தார். ஆசை தோன்றி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. "உத்தரவு வரட்டும்" என்று கோப்பைக் கட்டி வைத்துக் காத்திருப்பது எங்களைப் போன்ற கிளார்க்குகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் சொந்த ஆசையை 14 ஆண்டு அப்படிக் கட்டி வைப்பது வேறு விஷயம்.

1949 ஜனவரியில் மொன்ஷானனோடு திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தார். பெரிதாக எதிர்பார்த்து வந்தவருக்கு முதலில் ஏமாற்றமே. அங்கிருந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி, இவர் மூட்டை முடிச்சு அதிகமாகக் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது பெட்டி படுக்கையை அல்ல, மனத்தில் இருந்த முன்முடிவுகளை. அந்த நாட்களில் லெ சோவுக்குக் காய்ச்சலும் வந்தது. அதற்குள் மகரிஷியின் மௌனம் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

1950 மார்ச் 21, அன்றைய வழக்கப்படி ஆசீர்வாதப்பர் திருநாள். அன்று குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆசீர்வாதப்பர் மடங்களின் குறிக்கோள் சொல் "பாக்ஸ்", அதாவது சமாதானம். அதுவே தமிழ்நாட்டில் சாந்தி ஆயிற்று. லெ சோ காவி உடுத்தி அபிஷிக்தானந்தர் ஆனார்.

பெயரில் சாந்தி இருந்தாலும் மனத்தில் இல்லை. 1952 முதல் 1955 வரை பலமுறை அருணாசலக் குகைகளில் வந்து தங்கினார். 1955 முடிவில் திருக்கோவலூரில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டு, அவரைக் குருவாகவே மதித்தார். இரண்டற்ற நிலையே உண்மையென்றால், இறைவனைத் தந்தை என்று அழைத்துச் செபிப்பது யார்? தான் நம்பும் திருச்சபைக்குத் தான் துரோகம் செய்கிறோமா? இந்தக் கேள்விகள் அவரை வாட்டின. மொன்ஷானனுக்கும் அவர் போகும் வழி கவலை தந்தது. 1956-இல் கும்பகோணத்து மௌன மந்திரில் ஒரு மாதத்துக்கு மேல் தனித்திருந்தார். மறு ஆண்டு மொன்ஷானன் பாரிசில் காலமானார். அவர் பட்ட பாடெல்லாம், இறந்த பின் 1986-இல் வெளிவந்த நாட்குறிப்பில் இருக்கிறது.

அவருக்கு எளிய வழிகள் இரண்டு இருந்தன. காவியைக் கழற்றிவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பியிருக்கலாம். குருத்துவத்தைத் துறந்துவிட்டு மலையிலேயே இருந்திருக்கலாம். எதைச் செய்திருந்தாலும் உள்ளே நடந்த சண்டை ஓய்ந்திருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. கடைசிவரை குருவாகவே இருந்தார், பிரான்சுக்குத் திரும்பவே இல்லை. 1964-இல் ரைமுண்டோ பணிக்கருடன் கங்கோத்ரிக்கு யாத்திரை போனபோதும் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். 1968-இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, உத்தரகாசியில் தனிக் குடிலுக்குப் போனார்.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடும்போது மாரடைப்பு வந்து தெருவில் விழுந்தார். அதைத் தன் வாழ்வின் மிகப் பெரிய கண்டடைவு என்று நண்பர்களுக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூட இல்லை. டிசம்பர் 7 அன்று இந்தூரில் மறைந்தார்.

அத்வைதமும் திருச்சபையின் போதனையும் எங்கே சேர்கின்றன என்ற கணக்கை அவர் முடித்துவிட்டுப் போகவில்லை. அவர் செய்தது விசுவாசம். விடை கையில் இல்லாதபோதும், தன்னை அழைத்தவர் கைவிடமாட்டார் என்று நம்பி, கொடுத்த வார்த்தையில் நின்றார். விடை கிடைத்த பிறகுதான் நிம்மதி என்று நாம் நினைக்கிறோம். அவருக்கோ விடைக்கு முன்பே நிம்மதி வந்துவிட்டது.

நுகத்தடியில் மாடு ஒற்றையாகப் பூட்டப்படுவதில்லை. பக்கத்தில் இன்னொன்று சேர்ந்து இழுக்கிறது. பாரம் அப்படியே இருந்தாலும் தனியே இழுக்கிறோம் என்ற களைப்பு போய்விடும். மத்தேயு சொல்லும் இளைப்பாறுதலை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். எந்தச் சமயத்தில் பிறந்தவரானாலும், ஒரு வாக்குக்குக் கட்டுப்பட்டு நெடுநாள் நின்றவருக்கு இது விளங்கும்.