தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: வாசகர் கருத்துகள்

ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் மாயப்புனைவு நாவல் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. வெளிவந்த நாள் முதல் இன்றுவரை இந்நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் உண்டு, சில பக்கங்களிலேயே மூடி வைத்துவிடுபவர்களும் உண்டு. நூல் பிறந்ததிலும், அதன் இரண்டாம் பதிப்பு உருவானதிலும், அமெரிக்காவில் ஆசிரியரின் உரிமை காக்கப்பட்டதிலும் வாசகர்களுக்கு நேரடிப் பங்கு இருந்தது. இந்நூலின் வரலாற்றை அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

பத்து வயது மதிப்புரையாளர்

இந்த வரலாறு டோல்கீனின் முந்தைய நூலான ‘தி ஹாபிட்’டில் தொடங்குகிறது. 1936-இல் அதன் கைப்பிரதி லண்டனின் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்துக்கு வந்தது. சிறுவர் நூலின் தரத்தைச் சிறுவர்களே சரியாகச் சொல்வார்கள் என்பது உரிமையாளர் ஸ்டான்லி அன்வினின் கொள்கை. பத்து வயது மகன் ரேனரிடம் கைப்பிரதியைக் கொடுத்தார். எழுதித் தரும் மதிப்புரைக்கு ஒரு ஷில்லிங் கூலி. கதை நன்றாயிருக்கிறது, வரைபடங்கள் இருந்தால் போதும், ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று ரேனர் எழுதிக் கொடுத்தான். 1937 செப்டம்பர் 21 அன்று நூல் வெளியானது. முதல் அச்சின் 1,500 படிகளும் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துபோயின.

டோல்கீன் அடுத்து வெளியிட விரும்பியது, இளமை முதல் எழுதிவந்த ‘சில்மரில்லியன்’ தொன்மக் கதைகளை. பதிப்பாளரோ ஹாபிட்டுகள் என்னும் குள்ள மக்களைப் பற்றித்தான் மக்கள் கேட்பார்கள் என்று எடுத்துச் சொன்னார். அந்த டிசம்பரிலேயே டோல்கீன் புதுக்கதையைத் தொடங்கினார். அது சிறுவர் கதையின் எல்லையைத் தாண்டி வளர்ந்து, முடிய 1949 ஆயிற்று. எழுத எழுத ஆக்ஸ்போர்டு நண்பர் குழுவான ‘இங்க்லிங்ஸ்’ கூட்டங்களில் அதை வாசித்துக் காட்டினார். சி. எஸ். லூயிஸ் உருகிக் கேட்டார். ஹியூகோ டைசனுக்கு அது அறவே பிடிக்கவில்லை. பிற்காலத்தில் வாசகர் உலகம் இரண்டாகப் பிரிந்ததற்கு முன்னோட்டம் அந்தச் சிறிய அறையிலேயே நடந்துவிட்டது. 1944-இல் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அத்தியாயங்கள் தபாலில் போயின.

வளர்ந்து பதிப்பகத்தில் சேர்ந்துவிட்ட ரேனரே இந்தப் பெரிய நூலையும் ஏற்றுக்கொண்டார். ஆயிரம் பவுண்டு வரை நட்டமாகலாம், ஆனால் இது மேதையின் படைப்பு என்று தந்தையிடம் சொல்லி அனுமதி வாங்கினார். நட்டத்தைக் குறைக்க, வழக்கமான ராயல்டிக்குப் பதில் லாபத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதென்று ஒப்பந்தமானது.

முதல் பாகம் 1954 ஜூலையிலும் இரண்டாம் பாகம் நவம்பரிலும் வந்தன. நாயகன் ஃப்ரோடோ எதிரிகளிடம் சிக்கிக்கொள்ளும் இடத்தில் இரண்டாம் பாகம் நிற்கிறது. பின்னிணைப்புகளை டோல்கீன் முடித்துக் கொடுக்கத் தாமதமானதால் மூன்றாம் பாகம் 1955 அக்டோபர் 20 வரை வரவில்லை. பதினொரு மாதம் காத்திருக்க நேர்ந்த வாசகர்கள் பதிப்பகத்துக்குப் புகார்க் கடிதங்கள் எழுதினார்கள். தொடர்நாவல் வாசகர்களின் தவிப்பு மாயப்புனைவிலும் அன்றே தொடங்கிவிட்டது.

விமர்சகர்கள்

கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் நூலை உயர்த்தி எழுதினார். இதைப் பற்றி நடுநிலையான கருத்தே காணக் கிடைக்கவில்லை என்பதை 1956-லேயே கவனித்துச் சொன்னவரும் அவர்தான். அதே ஆண்டு ஏப்ரலில் ‘தி நேஷன்’ இதழில் எட்மண்ட் வில்சன் நூலைக் கடுமையாகச் சாடினார். கை மீறிப் பெருத்துவிட்ட குழந்தைக் கதை என்பது அவர் முடிவு. அந்தப் பெருநூலை அவர் தம் ஏழு வயது மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக் கவிஞர் எட்வின் மியூர், பாத்திரங்கள் எல்லாம் பெரியவர் வேடமிட்ட சிறுவர்கள் என்று குறைப்பட்டார். 1961-இல் பிலிப் டாயின்பீ, இந்தப் புத்தகங்கள் மறக்கப்பட்டுவிட்டன என்று நிம்மதியோடு எழுதினார். நாலே ஆண்டுகளில் அந்தக் கணிப்பு பொய்த்துப் போனது.

அமெரிக்க வாசகர்களும் 1965-ம்

1965-இல் அமெரிக்காவின் ஏஸ் புக்ஸ் நிறுவனம் காப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, ஆசிரியரின் அனுமதியின்றி 75 சென்ட் விலையில் மலிவுப் பதிப்பு போட்டது. அதற்கு எதிராக டோல்கீன் நூலைத் திருத்தினார், புது முன்னுரை எழுதினார். பாலன்டைன் நிறுவனம் அந்தத் திருத்திய இரண்டாம் பதிப்பை 95 சென்டுக்கு வெளியிட்டது. இருபது சென்ட் அதிகம் கொடுத்து வாங்கச் சொல்லி வாசகர்களை எப்படி இணங்கவைப்பது? அனுமதி பெற்ற பதிப்பு இது ஒன்றே என்று டோல்கீனின் அறிவிப்பு பின்னட்டையில் அச்சாயிற்று. தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்கர்களுக்கான பதில்களிலும் அவர் அதையே குறிப்பிட்டார். செய்தி வாய்வழி பரவியது. ரசிகர்கள் கடைக்காரர்களிடம் வாதாடினார்கள், அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கமும் அழுத்தம் கொடுத்தது. கடைசியில் ஏஸ் நிறுவனம் ராயல்டி கொடுத்து, மறு அச்சு போடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஓர் எழுத்தாளரின் உரிமைக்காக வாசகர்கள் தாமாகவே நின்ற நிகழ்ச்சிகளில் இதற்குத் தனி மரியாதை உண்டு.

சண்டை நூலுக்கு விளம்பரமாகவும் அமைந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் ‘ஃப்ரோடோ வாழ்கிறான்’ என்ற வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அமெரிக்க டோல்கீன் சங்கம் 1965-லும், பிரிட்டனில் வேரா சாப்மன் தொடங்கிய சங்கம் 1969-லும் உருவாயின. நடு இரவில் கடல் தாண்டி வந்த தொலைபேசி அழைப்புகளைத் தாங்க மாட்டாமல் டோல்கீன் 1968-இல் ஆக்ஸ்போர்டை விட்டுத் தென்கரைக்குக் குடிபெயர்ந்தார்.

வாசகர் கடிதங்கள்

டோல்கீன் தமக்கு வந்த கேள்விகளை ஒதுக்கித் தள்ளியவர் அல்லர். இசைக்கலைஞர்கள் பாடல்களுக்கு மெட்டு கேட்டார்கள், தாவரவியலாளர்கள் கதையில் வரும் மல்லோர்ன் மரத்தின் விவரம் கேட்டார்கள், வரலாற்றாளர்கள் காண்டோர் நாட்டின் ஆட்சி அமைப்பை விசாரித்தார்கள். ஆக்ஸ்போர்டில் கத்தோலிக்க நூல் கடை நடத்திய ஒருவர், தீயவர்கள் உயிரைப் படைக்க முடியுமா என்று இறையியல் நோக்கில் கேட்டார். அதற்கு நீண்ட பதில் எழுதத் தொடங்கிய டோல்கீன், தம்மைப் பெரிதுபடுத்திக்கொள்வதாகத் தோன்றியதால் அதை அனுப்பாமலே வைத்துவிட்டார்.

இவற்றில் மிக முக்கியமான விவாதம் ஃப்ரோடோவின் தோல்வி பற்றியது. தீய ஆற்றல் கொண்ட மோதிரத்தை அழிக்கப் புறப்பட்டவன் எரிமலையின் விளிம்பில் அதைத் தனக்கே சொந்தம் என்கிறான்; முன்பு அதை வைத்திருந்த கொல்லம் என்பவன் பறித்துத் தவறி விழுந்ததால்தான் மோதிரம் அழிகிறது. ஃப்ரோடோவைத் துரோகி என்று தூக்கிலிட்டிருக்க வேண்டும், பாராட்டியிருக்கக் கூடாது என்று ஒரு வாசகர் சினந்து எழுதினார். டோல்கீனின் மறுமொழி ஆழமானது. மனிதத் தாங்குதிறனுக்கு மேற்பட்ட சுமையைச் சுமந்தவனின் தோல்வி ஒழுக்கக்கேடு ஆகாது. கொல்லம் மீது அவன் முன்பு காட்டிய இரக்கமே வெற்றியைத் தந்தது. நாவலின் உட்பொருளை இதைவிடத் தெளிவாக எந்த விமர்சகரும் எடுத்துக் காட்டவில்லை. அந்த விளக்கம் கிடைத்தது கோபக்கார வாசகர்களால்.

கதையில் வரும் டாம் பாம்படில் யார், பால்ரோக் என்னும் தீப்பூதத்துக்குச் சிறகு உண்டா, கழுகுகள் மோதிரத்தை நேரே எதிரியின் நாடான மோர்டோருக்குச் சுமந்து போயிருக்கக் கூடாதா என்ற சர்ச்சைகள் இன்னும் ஓயவில்லை. பாம்படிலை வேண்டுமென்றே புதிராக விட்டதாக டோல்கீன் சொல்லியிருக்கிறார்.

அரசியல் வாசிப்புகளும் எதிர்ப்புகளும்

அமெரிக்காவில் போரை வெறுத்த மாணவர்கள் கொண்டாடிய அதே நூலை இத்தாலியின் தீவிர வலதுசாரி இளைஞர்களும் தமதாக்கிக்கொண்டு, 1977-இல் ‘ஹாபிட் முகாம்’ நடத்தினார்கள். தாம் உருவகக் கதை எழுதவில்லை என்று டோல்கீன் முன்னுரையில் கூறியதை இரு தரப்பும் பொருட்படுத்தவில்லை. ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் 1978-இல் எழுதிய கட்டுரையில், நூல் ஆறுதல் தரும் பழமைவாதம் என்று தாக்கினார். ரஷ்ய எழுத்தாளர் கிரில் யெஸ்கோவ் 1999-இல் மோர்டோர் தரப்பிலிருந்து கதையைத் திருப்பி ஒரு நாவலே எழுதினார். பெண் பாத்திரங்கள் குறைவு, எதிரிப் படையினரான ஆர்க்குகள் பிறவியிலேயே தீயவர்கள் என்பன நியாயமான குறைகள். இரண்டாவதில் டோல்கீனுக்கே கடைசிவரை மனநிறைவு இல்லை. தொடக்க அத்தியாயங்கள் மெதுவாக நகர்வதாகச் சொல்லப்படும் குறையை அப்படி ஏற்க முடியாது: ஹாபிட்டுகளின் நாடான ஷைரின் அமைதி மனத்தில் ஊறாவிட்டால் இறுதியில் ஃப்ரோடோ இழப்பதன் கனம் வாசகருக்குத் தெரியாது.

வாக்கெடுப்புகள்

1997-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளும் சேனல் 4 தொலைக்காட்சியும் நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் சிறந்த நூலாக இது தேர்வானது. பெண்ணிய எழுத்தாளர் ஜெர்மைன் கிரீர் உள்ளிட்டோர் முடிவைக் கேட்டு வருந்தினார்கள். 2003-இல் பிபிசியின் ‘பிக் ரீட்’ வாக்கெடுப்பிலும் முதலிடம் இதற்கே. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இரண்டாமிடம், பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ மூன்றாமிடம். வாக்குகளால் இலக்கியத் தரம் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தலைமுறை மாறித் தேர்ந்தெடுக்கப்படும் நூலைத் தற்காலிக மோகம் என்று ஒதுக்க முடியாது.

டோல்கீனின் கடிதங்கள் ஹம்ஃப்ரி கார்பென்டர் தொகுப்பாக 1981-இல் வெளிவந்தன. விரிவாக்கிய பதிப்பு 2023-இல் வந்தது. நாவலை முடித்தவர்கள் பிறருடைய விமர்சனங்களுக்குப் போகும் முன் இத்தொகுப்பைப் படிக்க வேண்டும்.